போட்டோஷாப் பிளகினில் அசின்க் கோடும் அண்டூவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி. இந்தத் தமிழக-கேரள எல்லையோர ஊர்களில் இருக்கும் அச்சகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் போட்டோஷாப் பிளகின், அதாவது போட்டோஷாப்புக்குள் ஓடும் துணை நிரல், எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வரும் வேலைகள். பிளகின் எழுதக் கற்றுக்கொள்ளும் பையன்களும் பெண்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. குறியீடு தரவில்லை, என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அது புரிந்தால் குறியீட்டை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

பிளகின் வேலையைச் சரியாக முடித்தால் போதாதா? அண்டூவுக்கு ஏன் இவ்வளவு கவலை?

போதாது. ஒரு காலண்டர் வேலையில்தான் எனக்கு இது புரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சுவரில் மாட்டும் காலண்டரில் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியும் வேண்டும், மலையாளத்தின் கொல்லம் ஆண்டுத் தேதியும் வேண்டும். இரண்டுமே சூரிய மாதம்தான். ஆவணிக்கும் மலையாளச் சிங்க மாதத்துக்கும் ராசி ஒன்றே. ஆனால் சங்கராந்தி எந்த நேரத்துக்குள் வந்தால் அன்றே மாதம் பிறந்ததாக வைத்துக்கொள்வது என்பதில் கணக்கு வேறு. தமிழில் சூரியன் மறைவதற்குள் வந்தால் அன்றே முதல் தேதி. மலையாளத்தில் அந்த எல்லை பிற்பகல் தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது. அதனால் சில மாதங்களில் இரண்டும் ஒரு நாள் விலகும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் போட முடியாது. 31 நாள் மாதமென்றால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 62 எழுத்து லேயர். கையால் அடித்தால் எங்காவது ஒரு தேதி மாறிவிடும், அச்சான பிறகுதான் கண்ணில் படும். அதற்காகத்தான் ஒரு பிளகின் எழுதினேன். பட்டனை அழுத்தினால் 62 லேயரும் நிரம்பிவிடும்.

நிரம்பியது. அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண் அன்று காலையிலிருந்து பின்னணிப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். வேறு மாதத்தின் தேதிகளைக் கொட்டிவிட்டோம் என்று தெரிந்ததும் அண்டூ செய்ய கன்ட்ரோல் இசட் அடித்தார். சற்று நேரத்தில் எனக்கு போன் வந்தது. “அண்ணா, தேதி ஒண்ணொண்ணாத்தான் போகுது. கொஞ்சம் போனதும் நின்னுடுது. காலையில பண்ணினது எதுவும் திரும்ப வரமாட்டேங்குதுங்க.”

காரணம் எளிமையானது. போட்டோஷாப் அண்டூவில் பின்னால் போவதற்கு இயல்பாக 50 ஹிஸ்டரி நிலைகளைத்தான் வைத்திருக்கும். என் பிளகின் 62 நிலைகளைப் போட்டது. காலையில் அவர் செய்த ஒவ்வொன்றும் பட்டியலின் மேல்முனையிலிருந்து தள்ளப்பட்டு மறைந்தது. மிச்சம் இருந்தது, கோப்பைத் திறந்தபோது போட்டோஷாப் தானாக எடுத்துக்கொள்ளும் முதல் ஸ்னாப்ஷாட் மட்டும். அதற்குப் போனால் காலை வேலை முழுதும் போய்விடும். போகாமலும் வழியில்லை. அவர் மறுபடி உட்கார்ந்து செய்தார்.

ஹிஸ்டரி பட்டியல் அந்தப் பெண்ணுடையது. அவர் ஒருமுறை அழுத்தினார் என்றால் அவருக்கு ஒருமுறை அண்டூ போதுமாக இருக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதற்காகத்தான்.

அசின்க் என்கிறார்களே, பழைய ஸ்கிரிப்டில் இந்தத் தொல்லை இல்லையே?

இல்லைதான். பழைய ஸ்கிரிப்டுகளின் மொழி எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டின் பழைய வடிவமான ஈக்மாஸ்கிரிப்ட் 3 காலத்தது. ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரி ஓடும். அதிலும் சஸ்பெண்ட்-ஹிஸ்டரி உண்டு. ஒரு பெயரையும், ஓட்ட வேண்டிய குறியீட்டை எழுத்துச் சரமாகவும் கொடுத்தால் முழுவதும் ஒரே நிலையாக விழும்.

2020 அக்டோபரில் வந்த போட்டோஷாப் 22-இல் யுஎக்ஸ்பி என்ற புதிய தளத்தில் ஓடும் பிளகின்கள் வந்தன. இங்கே ஜாவாஸ்கிரிப்ட் புதியது, அவெய்ட் எல்லாம் உண்டு. போட்டோஷாப்பிடம் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் வேலை முடிந்த பிறகு பதில் வருவதில்லை, உடனே ஒரு ப்ராமிஸ் வருகிறது. அசின்க் என்பது இதைத்தான். ஓட்டலில் பணம் கட்டியதும் தரும் டோக்கன் போல வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கைக்கு வந்துவிட்டது என்று இலையை விரித்து உட்கார்ந்தால் சோறு வந்திருக்காது. அவெய்ட் என்று எழுதினால்தான் சாப்பாடு வரும்வரை நிற்பீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாமே அப்படி இல்லை. லேயரின் பெயர், ஒளிபுகா அளவு போன்ற பண்புகளைப் படித்தால் அங்கேயே மதிப்பு கிடைக்கும். லேயரை உருவாக்குவது, நகலெடுப்பது, கோப்பைச் சேமிப்பது போன்ற மெத்தடுகள்தான் ப்ராமிஸ் தருபவை. இந்தக் கலப்புதான் புதியவர்களைக் குழப்புகிறது. நாலு வரி அவெய்ட் இல்லாமல் ஒழுங்காக ஓடும். ஐந்தாவது வரியில் கவிழும்.

அவெய்ட் போட மறந்தால் என்ன ஆகும்? பல நேரம் ஓடிவிடுகிறதே.

அதுதான் ஆபத்து. உங்கள் மேசையில் சின்னக் கோப்பில் ஓடும். அச்சகத்தின் பெரிய கோப்பில் ஓடாது.

அதிகமாக நான் பார்க்கும் தவறு, ஃபார்-ஈச் சுற்றுக்குள் அசின்க் ஃபங்ஷனைப் போடுவது. உள்ளே அவெய்ட் இருக்கிறதே என்று எழுதியவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் ஃபார்-ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. 62 டோக்கனையும் ஒரே மூச்சில் வாங்கிப் போட்டுவிட்டு “என் வேலை முடிந்தது” என்று வெளியே வந்துவிடும். வெளியே இருக்கும் குறியீடும் முடிந்ததென்று நம்பி மேலே போய்விடும். அப்புறம் சில தேதிகள் விழும், மீதி விழாது. அதே கோப்பில் மறுபடி ஓட்டினால் வேறு மாதிரி விழும். இதற்குச் சாதாரண ஃபார்-ஆஃப் சுற்றே போதும். அதற்குள் அவெய்ட் போட்டால் ஒவ்வொன்றும் முடிந்து அடுத்தது நடக்கும்.

இன்னொரு விளைவு இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. அவெய்ட் இல்லாமல் விட்ட ப்ராமிஸில் பிழை வந்தால், சுற்றிலும் நீங்கள் கட்டிய ட்ரை-கேட்ச்சில் அது விழாது. பிழை வந்ததே உங்களுக்குத் தெரியாது. பயனருக்கு “முடிந்தது” என்று செய்தி காட்டிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் ப்ராமிஸ்-ஆல் போட்டு ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகமாகாதா?

இணையத்திலிருந்து பத்துப் படங்களை இறக்க ஆகும். போட்டோஷாப்புக்குள் ஆகாது. ஆவணத்தை மாற்றும் கட்டளைகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். வரிசை எது என்பது உங்கள் கையைவிட்டுப் போவதுதான் மிச்சம்.

வேகம் வேண்டுமென்றால் பேட்ச்பிளேயைப் பாருங்கள். 62 கட்டளைகளையும் ஒரு பட்டியலாக அடுக்கி ஒரே அழைப்பில் அனுப்பலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தடவை போய்வரும் நேரம் மிச்சமாகும்.

எக்ஸிகியூட்-அஸ்-மோடல் எதற்கு? அது இல்லாமல் எழுதினால் பிழை வருகிறது.

2021-இல் வந்த ஏபிஐ 2-இலிருந்து, ஆவணத்தை மாற்றும் எந்த வேலையையும் இந்த அழைப்புக்குள்தான் செய்ய முடியும். கீழே மோடல் என்று சொல்வது இதைத்தான். வெளியே இருந்து செய்தால் மறுத்துவிடும். மேலே சொன்ன ஃபார்-ஈச் தவறு அதிகம் அடிபடுவது இங்கேதான். மோடல் முடிந்துவிடும், பாக்கிக் கட்டளைகள் வெளியே நின்று அடி வாங்கும்.

ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் மூடியிருக்கும்வரை தண்டவாளம் ரயிலுக்கு மட்டும். நீங்கள் மோடலுக்குள் இருக்கும்வரை ஆவணம் உங்கள் பிளகினுக்கு மட்டும். பயனர் நடுவில் ஒரு லேயரை இழுக்க முடியாது, மெனுவைத் திறக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பிளகின்தான் உள்ளே இருக்கலாம். வேறொன்று ஏற்கெனவே உள்ளே இருந்தால் உங்கள் அழைப்பு மறுக்கப்படும், பிழை எண் 9. அதைத் தனியாகப் பிடித்து, “இன்னொரு பிளகின் வேலை செய்துகொண்டிருக்கிறது, சற்றுப் பொறுத்து அழுத்துங்கள்” என்று சொல்லுங்கள். பொதுவான “பிழை ஏற்பட்டது” என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை.

அதற்கு ஒரு கமாண்ட்-நேம் கொடுத்தேன். ஆனாலும் ஹிஸ்டரியில் 62 வரி வருகிறதே?

வரும். என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். நானும் இதே இடத்தில்தான் இடறினேன். கமாண்ட்-நேம் என்பது முன்னேற்றப் பட்டையில் காட்டுவதற்கான பெயர். ஹிஸ்டரிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கேட்டை மூடிவிட்டோம் என்பதால் எல்லாப் பெட்டிகளும் ஒரே பெட்டியாகிவிடாது.

மோடலுக்குள் நுழையும்போது உங்கள் ஃபங்ஷனுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் கிடைக்கும். அதில் ஹோஸ்ட்-கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. அதன் சஸ்பெண்ட்-ஹிஸ்டரியைக் கூப்பிட்டு, ஆவணத்தின் ஐடியையும் ஹிஸ்டரியில் தெரிய வேண்டிய பெயரையும் கொடுங்கள். அது ஒரு அடையாள எண்ணைத் திருப்பித் தரும். வேலை முடிந்ததும் ரெசியூம்-ஹிஸ்டரியை அந்த எண்ணோடு கூப்பிடுங்கள். நடுவில் நடந்தது எதுவாக இருந்தாலும் ஒரே வரி. இரண்டுக்கும் அவெய்ட் போட மறக்காதீர்கள்.

சின்ன வேலைக்கு ஆவணத்தின் மேலேயே இருக்கும் சஸ்பெண்ட்-ஹிஸ்டரி மெத்தட் போதும். ஒரு ஃபங்ஷனையும் பெயரையும் கொடுத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பெயரை அக்கறையோடு வையுங்கள். பிளகினின் பெயரை வைக்காதீர்கள். என்ன வேலை நடந்ததோ அதை வையுங்கள். “தேதி நிரப்பல்: ஆவணி” என்று இருந்தால் மாதம் மாறிப்போனது ஹிஸ்டரியைப் பார்த்ததுமே தெரியும். அன்று அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு வரி இருந்திருந்தால் போன் செய்யவே தேவையிருந்திருக்காது.

ஹிஸ்டரி எண்ணிக்கையை 50-இலிருந்து 1000 ஆக்கிக்கொள்ளச் சொன்னால் போதாதா?

அமைப்பில் 1000 வரை ஏற்ற முடியும். ஆனால் அதைத் தீர்வாக எண்ண வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கு 10 அடிக்கு 4 அடி பேனர், அங்குலத்துக்கு 72 புள்ளி. 8640-க்கு 3456, அதாவது சுமார் 3 கோடிப் புள்ளிகள். அச்சுக்கான நான்கு வண்ணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்: ஒரு லேயருக்கு ஏறக்குறைய 12 கோடி பைட். போட்டோஷாப் ஒவ்வொரு நிலைக்கும் முழுப் படத்தையும் நகலெடுப்பதில்லை, மாறிய பகுதியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஒரு எழுத்து மாறினால் செலவு சொற்பம். முழு லேயரையும் மங்கலாக்கும் ஃபில்டர் என்றால் லேயர் முழுதும் மாறிய பகுதிதான். அப்படி 50 நிலைகள் சேர்ந்தால் 600 கோடி பைட், கிட்டத்தட்ட 6 ஜிபி. அவ்வளவும் நினைவகத்தில் அடங்காமல் வட்டில் இருக்கும் தற்காலிக இடமான ஸ்கிராட்ச் டிஸ்க்குக்குப் போகும். பழைய கணினிகளை வைத்துப் பிழைக்கும் சின்னக் கடையில் இது வேலையையே நிறுத்திவிடும்.

எழுதியவர் செய்ய வேண்டியதைப் பயனரின் கணினி மேல் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இணையத்திலிருந்து தரவை எடுத்து ஆவணத்தில் போட வேண்டும். அது மோடலுக்குள்ளா, வெளியேவா?

வெளியே. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கொல்லங்கோட்டில் ரயில் கிளம்பும் முன்பே மீனாட்சிபுரத்தில் கேட்டை மூடிவிட்டால் சாலையில் நிற்பவர்கள் என்ன சொல்வார்கள்? சர்வர் பதில் சொல்ல மூன்று நொடியும் ஆகலாம், முப்பது நொடியும் ஆகலாம். அந்த நேரம் முழுதும் ஆவணத்தைப் பூட்டி வைத்தால் பயனர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிவது “போட்டோஷாப் தொங்கிவிட்டது” என்பது மட்டுமே. சிலர் வலுக்கட்டாயமாக மூடிவிடுவார்கள். சேமிக்காத வேலை அதோடு போகும்.

ஆகவே முதலில் தரவை இறக்குங்கள். சரிபாருங்கள்: மாதத்துக்கு 31 தேதிகளும் வந்தனவா, காலியாக ஏதாவது இருக்கிறதா. கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, பயனரிடம் கேள்வி கேட்க வேண்டுமா, அதையும் முன்பே முடியுங்கள். எல்லாம் கையில் வந்த பிறகு மோடலுக்குள் போய், எழுதிவிட்டு, வெளியே வாருங்கள். உள்ளே இருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வெளியே காத்திருப்பதில் ஒரு விலை உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

தரவு வருவதற்குள் பயனர் வேறு கோப்புக்குப் போய்விட்டால்?

போவார். போகத்தான் செய்வார். ஆக்டிவ்-டாக்குமெண்ட் என்பது நீங்கள் கேட்கும் அந்த நொடியில் முன்னால் இருக்கும் கோப்பு. பட்டனை அழுத்தியபோது காலண்டர் முன்னால் இருந்திருக்கும், பதில் வந்தபோது கல்யாணப் பத்திரிகை முன்னால் இருக்கும். ஆவணித் தேதிகள் பத்திரிகையில் போய் விழும்.

பட்டனை அழுத்தியதும் முதல் வேலையாக ஆவணத்தின் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய லேயர்களின் ஐடிகளையும் அப்படியே. பெயரை நம்ப வேண்டாம். இரண்டு லேயருக்கு ஒரே பெயர் இருக்கலாம், பயனர் பெயரை மாற்றியும் இருக்கலாம். திரும்பி வந்ததும் அந்த ஐடியில் ஆவணம் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். திறந்திருந்தாலும் லேயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் நடுவில் அவர் அண்டூ அடித்திருக்கலாம், நீங்கள் குறித்து வைத்த லேயர் இப்போது இல்லாமலே போயிருக்கலாம்.

இந்தச் சோதனைகளை மோடலுக்குள் நுழைந்த பிறகு செய்யுங்கள். வெளியே சோதித்துவிட்டு உள்ளே வருவதற்குள்ளும் ஆவணம் மாறலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனை முடக்கி வையுங்கள். இரண்டு முறை தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு.

நடுவில் பிழை வந்தால் பாதி நிரம்பிய ஆவணத்தை என்ன செய்வது?

ரெசியூம்-ஹிஸ்டரிக்கு இரண்டாவது மதிப்பு ஒன்று உண்டு. உண்மை என்றால் மாற்றங்கள் நிற்கும். பொய் என்று கொடுத்தால், இடைநிறுத்தியதிலிருந்து நடந்ததெல்லாம் கைவிடப்பட்டு ஆவணம் பழைய நிலைக்குப் போகும். நீங்கள் ரெசியூமைக் கூப்பிடாமலே ஃபங்ஷன் பிழையோடு வெளியேறினாலும் போட்டோஷாப் அந்த மாற்றங்களைக் கைவிட்டுவிடும். பிழையில்லாமல் வெளியேறினால் ஏற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிழையை உள்ளேயே கேட்ச்சில் பிடித்து, கன்சோலில் எழுதிவிட்டு, அமைதியாக வெளியேறினால் என்ன ஆகும்? போட்டோஷாப்பின் கணக்கில் அது வெற்றி. பாதி நிரம்பிய காலண்டர் அப்படியே நின்றுவிடும். பிடித்தால் சுத்தம் செய்துவிட்டு மறுபடி வீசுங்கள். பயனருக்குச் செய்தி சொல்வதை மோடலுக்கு வெளியே இருக்கும் கேட்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆழமான பள்ளம் பேட்ச்பிளேயில். அதற்குள் ஒரு கட்டளை தோற்றால் பல நேரம் பிழை வீசப்படாது. திரும்பி வரும் முடிவுப் பட்டியலில், தோற்ற கட்டளையின் இடத்தில் “எரர்” என்ற வகையில் ஒரு பொருள் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். பட்டியலைத் திறந்து பார்க்காதவருக்கு எல்லாம் நலம். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் முடிவுகளைச் சுற்றிவந்து, எரர் இருந்தால் நீங்களே பிழை வீசும் ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பிளகின் தொடங்கினாலும் முதலில் எழுதுவது அதைத்தான்.

சிலர் கேட்பார்கள்: 62-இல் 60 சரியாக விழுந்தால் அதை ஏன் தூக்கிப்போட வேண்டும்? வேலையைப் பொறுத்தது. நூறு படங்களுக்கு நிறம் திருத்துவது என்றால் முடிந்தவரை வைத்துக்கொண்டு, விட்டுப்போனவற்றின் பட்டியலைக் காட்டலாம். காலண்டருக்கு ஆகாது. ஒரு தேதி தவறினாலும் அந்தத் தாள் முழுதும் தவறு.

எஸ்கேப் அழுத்தினால்?

மோடல் சற்று நேரம் நீடித்தால் முன்னேற்றப் பட்டை தானாகத் தோன்றும், அங்கே ரத்து செய்ய வழி இருக்கும். பயனர் ரத்து செய்ததும், நீங்கள் அடுத்துக் கூப்பிடும் போட்டோஷாப் கட்டளை பிழை வீசும். அதை விட்டுவிட்டால் ஃபங்ஷன் தானே நின்றுவிடும், மாற்றங்களும் கைவிடப்படும். பெரும்பாலான பிளகின்களுக்கு இதுவே சரியான நடத்தை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கெடுப்பது நாம்தான். சுற்றுக்குள் ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி ட்ரை-கேட்ச் போட்டு, “ஒன்று தோற்றால் அடுத்ததற்குப் போ” என்று எழுதியிருப்போம். ரத்துப் பிழையும் அதே வலையில் விழும். பயனர் நிறுத்தச் சொல்கிறார், பிளகின் கேட்காமல் ஓடுகிறது. இப்படிச் சுற்று வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்டின் இஸ்-கேன்சல்ட் மதிப்பைப் பாருங்கள். போட்டோஷாப்பைத் தொடாமல் உங்கள் குறியீட்டுக்குள்ளேயே நீண்ட கணக்கு ஓடினாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்-பிராக்ரஸ் என்று ஒன்று உண்டு. 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண்ணைக் கொடுத்தால் பட்டை நகரும். கொடுங்கள். பட்டை நகர்வதைப் பார்க்கிறவர் பொறுமையாக இருப்பார்.

ஸ்லைடரை நகர்த்தும்போதே படத்தில் விளைவு தெரிய வேண்டும். ஒவ்வொரு நகர்வும் ஹிஸ்டரியில் விழுகிறது.

ஸ்லைடர் இரண்டு நிகழ்வுகளைத் தரும்: நகரும்போதெல்லாம் ஒன்று, விரலை எடுத்த பிறகு ஒன்று. முதலாவதில் ஆவணத்தைத் தொடாதீர்கள். படத்தின் சிறிய நகலை உங்கள் பிளகினின் பேனலுக்குள் வைத்து அதில் முன்தோற்றம் காட்டுங்கள். ஆவணத்தில் எழுதுவது இரண்டாவதில், அதுவும் ஒரே நிலையாக. புள்ளித் தரவைக் கையில் வாங்கிச் செய்தால், முடிந்ததும் டிஸ்போஸ் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்லைடரை இருபது முறை ஆட்டினால் இருபது நகல் நினைவகத்தில் தேங்கி நிற்கும்.

அண்டூ எதையெல்லாம் திருப்பாது?

பயனருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வட்டில் எழுதிய கோப்பு திரும்பாது. உங்கள் பிளகின் பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனிப் படமாக ஏற்றுமதி செய்தால், அண்டூ அடித்த பிறகும் அந்தப் பன்னிரண்டும் வட்டில் இருக்கும். பழைய கோப்பின் மேல் எழுதியிருந்தால் பழையது போனது போனதுதான். எழுதும் முன் கேளுங்கள். முன்னமைப்புகள், பேனல் அமைப்பு, வண்ண அமைப்பு போன்ற போட்டோஷாப் முழுமைக்குமான மாற்றங்களும் ஹிஸ்டரியில் சேர்வதில்லை, ஏனென்றால் ஹிஸ்டரி ஆவணத்துக்கு ஆவணம் தனி. அதனால் ஒரே சொடுக்கில் மூன்று ஆவணங்களை மாற்றும் பிளகினை ஒரே அண்டூவில் திருப்ப முடியாது. மூன்றிலும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

லேயரின் கண் குறியைத் திறப்பதும் மூடுவதும் இயல்பான அமைப்பில் ஹிஸ்டரியில் பதிவாகாது. ஹிஸ்டரி பேனலின் விருப்பங்களில் அதற்கென ஒரு பெட்டியை டிக் செய்திருக்க வேண்டும். தமிழ் லேயர்களை மறைத்து மலையாளப் பிரதியை ஏற்றுமதி செய்வது, அப்புறம் மாற்றிச் செய்வது எங்கள் பக்கத்தில் அன்றாட வேலை. இதில் பிளகின் கண் குறியை மாற்றினால், தொடங்கும் முன் எது திறந்திருந்தது என்று குறித்துக்கொண்டு, முடிந்ததும், பிழை வந்தாலும், பழையபடி வைத்துவிடுங்கள். ஃபைனலி பகுதி இதற்கென்றே இருக்கிறது.

அண்டூ அடித்த பிறகும் என் பேனல் “நிரப்பியாகிவிட்டது” என்றே காட்டுகிறது.

பேனலின் நினைவு வேறு, ஆவணத்தின் நினைவு வேறு. போட்டோஷாப் பின்னால் போகும்போது உங்கள் மாறிகள் கூடப் போவதில்லை. என்ன நிலையில் இருக்கிறோம் என்பதைப் பேனலில் சேமிக்காமல், தேவைப்படும்போதெல்லாம் ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆகஸ்ட் 17 லேயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் தெரிந்துவிடும். ஆவணம் மாறியதும் தகவல் தரும் அறிவிப்புக் கேட்பான்களை வைத்துப் பேனலைப் புதுப்பிக்கலாம், ஆனால் உங்கள் பிளகின் செய்யும் மாற்றமே அதைத் தட்டி எழுப்பி, அது மறுபடி ஆவணத்தை மாற்றி, சுழலில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பான் படிக்க மட்டும் செய்யட்டும்.

கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியில் எப்படி?

இன்னும் எளிது. அங்கே அண்டூ குரூப் என்று ஒன்றைத் தொடங்கி, வேலை முடிந்ததும் மூட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று தொடங்கினால் வெளியே இருக்கும் குழுவோடு சேர்ந்துவிடும். கிம்ப்பின் பிளகின் தனி ப்ராசஸாக ஓடுவது, அழைப்பு முடிந்த பிறகே அடுத்த வரிக்குப் போகும். மூட மறந்து பிளகின் முடிந்துவிட்டால், பிளகின் அண்டூவைச் சீரற்ற நிலையில் விட்டுவிட்டது என்று எச்சரித்து, திறந்திருக்கும் குழுவைக் கிம்ப் தானே மூடிவிடும். போட்டோஷாப் வாங்க வழியில்லாத மாணவர்கள் அண்டூவைப் பற்றிக் கற்க கிம்ப்பில் தொடங்கலாம். எண்ணம் ஒன்றுதான்.

பெரிய வேலை முழுவதையும் ஒரே அண்டூவாக்குவது எப்போதும் சரியா?

எப்போதும் இல்லை. பன்னிரண்டு மாதங்களும் ஒரே ஆவணத்தில் பன்னிரண்டு குழுக்களாக இருக்கின்றன, பிளகின் ஆண்டு முழுவதையும் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிலையாக வைத்தால், மார்கழியில் ஒரு தவறைப் பார்த்தவர் பதினொரு மாதத்தையும் சேர்த்து இழக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்தாலும் அண்டூ கடைசியிலிருந்துதான் போகும், நடுவில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. நான் செய்வது: ஆண்டு முழுவதும் ஒரே நிலை. கூடவே “இந்த மாதத்தை மட்டும் மறுபடி நிரப்பு” என்று இன்னொரு பட்டன், அதுவும் ஒரே நிலை. அச்சகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அவர்கள் அதிகம் தொடுவது இரண்டாவது பட்டனைத்தான்.

அனுப்பும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஆவணத்தில் கையால் ஏதாவது நாலு மாற்றம் செய்யுங்கள். பிளகினை ஓட்டுங்கள். ஒருமுறை கன்ட்ரோல் இசட். உங்கள் நாலாவது மாற்றத்தில் வந்து நிற்க வேண்டும். குறியீட்டால் சோதிப்பவர்கள் ஹிஸ்டரி நிலைகளின் எண்ணிக்கை ஒன்று கூடியதா என்று பார்ப்பார்கள். பட்டியல் ஏற்கெனவே 50-ஐத் தொட்டிருந்தால் எண்ணிக்கை கூடாது, சோதனை பொய் சொல்லும். கடைசி நிலையின் பெயரையும் அதற்கு முந்தையதன் பெயரையும் பாருங்கள்.

பிறகு பாதியில் எஸ்கேப். பிறகு தரவு இறங்கும்போது வேறு கோப்புக்கு மாறுங்கள். கோப்பையே மூடிப் பாருங்கள். 19-ஆம் தேதி லேயரை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பேட்ச்பிளே அமைதியாக விழுங்குகிறதா என்று தெரியும். நெட்டைத் துண்டித்துவிட்டு ஒருமுறை.

கடைசியாக, முடிந்தால் கடைக்கே போங்கள். அவர்களுடைய கணினியில், அவர்களுடைய கோப்பில், அவர்கள் கையால் அழுத்தவிட்டு அருகில் சும்மா உட்காருங்கள். காலண்டர் பிளகினைத் திருத்திய பிறகு நான் அந்தப் பெண்ணிடம்தான் முதலில் கொண்டு போனேன். அவர் தேதியை நிரப்பினார், உடனே கன்ட்ரோல் இசட் அடித்தார், 62 தேதியும் ஒரே தட்டில் மறைந்தது. மறுபடி நிரப்பினார், மறுபடி அடித்தார். மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, “சரிங்கண்ணா, இப்போ பின்னணியில கை வைக்கிறேன்” என்றார்.